மாமா, ஜூலையில் வேண்டாம். செப்டம்பர் கடைசியில் கனடாவுக்கு வாருங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் ஜூலையில் டொராண்டோ வர டிக்கெட் பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். குளிருக்குப் பயந்து நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் எடுக்கும் முடிவுதான். ஆனால் ஜூலையில் இங்கே 30 டிகிரி வெயிலும் புழுக்கமும். அதைப் பார்க்க இவ்வளவு தூரம் விமானம் ஏற வேண்டுமா? செப்டம்பர் கடைசியில் வாருங்கள், இலையுதிர் காலத்தில் மேப்பிள் இலைகள் சிவப்பதைப் பார்க்கலாம். உங்கள் பள்ளிக்குக் காலாண்டு விடுமுறையும் அதை ஒட்டித்தான் வரும். முன்னும் பின்னும் சில நாள் விடுப்புச் சேர்த்தால் போதும்.

இலைகளில் இந்த நிறம் ஒரே நாளில் நாடு முழுக்க ஏறாது. வடக்கிலும் மேட்டு நிலத்திலும் தொடங்கித் தெற்கே இறங்கி வரும். டொராண்டோவுக்கு வடக்கே உள்ள அல்கான்குயின் என்ற பெரிய காட்டுப் பூங்காவில் சுகர் மேப்பிள் மரங்கள் சிவப்பது பெரும்பாலும் செப்டம்பர் கடைசி வாரம் தொடங்கி அக்டோபர் முதல் சில நாள் வரை. டொராண்டோவில் அதுவே அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை. காரில் மூன்று மூன்றரை மணி நேரத் தொலைவுக்குள் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகிறது. வருகிறவர்கள் தவறுவது இங்கேதான். முதலில் உறவினர் வீடு, கடை, நயாகரா என்று சுற்றிவிட்டு, அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமையில் வரும் தேங்ஸ்கிவிங் நீள் விடுமுறையில் அல்கான்குயின் போவார்கள். அதற்குள் மேப்பிள் இலை பாதி தரையில் கிடக்கும், சாலையில் வண்டி நகராது. நீங்கள் முதலில் வடக்கே போய்விடுங்கள், உறவினர்கள் எங்கும் போய்விட மாட்டார்கள்.

இரவு நீள நீள, இலைக்காம்பின் அடியில் தக்கை போல ஓர் அடுக்கு வளர்ந்து, இலைக்கும் மரத்துக்கும் இடையே சாறு போகும் வழியை அடைக்கும். பச்சையம் சிதைந்ததும், முன்பே அங்கிருந்த மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பு மட்டும் புதிதாக உண்டாவது: இலைக்குள் சிக்கிய சர்க்கரையிலிருந்து ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி உருவாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் அமைந்தால் சிவப்பு கொழுத்து வரும். மேகமூட்டமும் வெதுவெதுப்பான இரவுமாகப் போனால் அந்த ஆண்டு மங்கல்தான். உச்சத்தில் இருக்கும்போது ஒரு பெருங்காற்று மழை வந்தால் ஒரே இரவில் மரம் மொட்டை. அதனால் தேதியை மட்டும் நம்பாமல், ஒண்டாரியோ பூங்காத் துறை இணையத்தில் வெளியிடும் இலை நிற அறிக்கையைக் கிளம்புமுன் பாருங்கள். போகும் நாளில் வானம் மூடியிருந்தாலும் சோர வேண்டாம். படத்துக்கு அந்த வெளிச்சம்தான் நல்லது, உச்சி வெயிலில் சிவப்பு வெளுத்துத் தெரியும்.

வழி சுலபம்: நெடுஞ்சாலை 400, பிறகு 11, ஹன்ட்ஸ்வில் என்ற ஊரில் 60. பூங்காவுக்குள் 60ஆம் சாலை 56 கிலோமீட்டர். நிற்காமல் கடந்து போக அனுமதிச் சீட்டு வேண்டாம். ஆனால் நடைபாதையிலோ பார்வையாளர் மையத்திலோ நிறுத்த, வண்டிக்கு ஒரு நாள் சீட்டு கட்டாயம். ஐந்து நாள் முன்னதாகவே இணையத்தில் முன்பதிவு திறக்கும். இந்தப் பருவத்தில் சனி, ஞாயிறு சீட்டுகள் தீர்ந்துவிடும். வாசலில் போய் வாங்கலாம் என்று வந்து திரும்பிப் போகிறவர்கள் உண்டு. செவ்வாய் முதல் வியாழனுக்குள் போங்கள். பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது, ஹன்ட்ஸ்வில்லிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கைப்பேசிச் சிக்னலும் விட்டுவிட்டுத்தான் வரும், வரைபடத்தை முன்பே தரவிறக்கிவிடுங்கள்.

மேற்கு வாசலிலிருந்துதான் கிலோமீட்டர் கணக்கு. 40ஐ நெருங்கும்போது லுக்அவுட் நடைபாதை வரும். 2.1 கிலோமீட்டர்தான், ஆனால் செங்குத்து ஏற்றம். உச்சிப் பாறையில் தடுப்புக் கம்பி இல்லை, ஈர இலை வழுக்கும். அத்தையின் முழங்காலுக்கு அது வேண்டாம். 43இல் உள்ள பார்வையாளர் மையத்தின் மேடையில் நின்றாலே காடு விரிந்து தெரியும்.

இருட்டுவதற்குள் பூங்காவை விட்டுக் கிளம்பிவிடுங்கள். அக்டோபர் தொடக்கத்தில் ஏழு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மூஸ் என்ற பெரிய மான் இணை தேடி அலையும் காலமும் இதுதான். கால்கள் உயரம், உடல் கருப்பு. முன்விளக்கு கால்களில் மட்டும் விழுவதால் கடைசி நொடியில்தான் தெரியும். மோதினால் அந்த உடல் பானட்டைத் தாண்டிக் கண்ணாடி மேல் வந்து விழும்.

நம் ஊர் ஓட்டுநர் உரிமத்தோடு ஒண்டாரியோவில் மூன்று மாதம் வரை ஓட்டலாம். ஆங்கிலத்தில் இருப்பதால் சிக்கல் இல்லை. வாடகைக் கார் என்றால் 407 என்ற கட்டண நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்: சுங்கச்சாவடி இராது, கேமரா எண்ணைப் பிடிக்கும், கட்டணத்தோடு வாடகை நிறுவனத்தின் கூடுதல் தொகையும் பின்னால் வரும்.

பூங்காவில் பகல் 10-15 டிகிரி, இரவு பூஜ்யத்தை ஒட்டி. ஒரே தடித்த கோட் வேண்டாம், மூன்று அடுக்கு: உள்ளே வியர்வை உலரும் பனியன், நடுவே ஃப்ளீஸ் அல்லது கம்பளி, மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை இழுத்துவிடும், நம் பருத்திச் சட்டைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். கொசுவும் கருப்பு ஈயும் அப்போது ஓய்ந்திருக்கும். மே, ஜூனில் வந்தவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும்.

ஏதாவது காரணத்தால் அக்டோபர் நடுவுக்குத் தள்ளிப்போனால் அல்கான்குயினில் ஆஸ்பென், பிர்ச் மரங்களின் மஞ்சளும், பிறகு டாமராக் பொன்னிறமும் கிடைக்கும். ஊசியிலை மரமாக இருந்தும் இலை உதிர்ப்பது டாமராக். சிவப்புதான் வேண்டும் என்றால் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியை ஒட்டிய ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்குப் போகலாம். நுழைவு இலவசம், தமிழர்கள் வாழும் தெருக்களிலிருந்து கூப்பிடு தூரம்.

விசாவை மே மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். ஒருவருக்கு 100 கனடிய டாலர், கைரேகைக்கு இன்னும் 85. சுற்றுலா வருகிறவர்களுக்கு இங்கே அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. அத்தையின் இரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதிப் பயணக் காப்பீடு எடுங்கள், மறைத்தால் பணம் தர மறுத்துவிடுவார்கள். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்லுங்கள், அந்த வாரத்துக்கு ஹன்ட்ஸ்வில்லில் அறை கிடைப்பது கடினம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்