கிரீன்மவுண்ட் இறக்கம் வரை கூட வந்தவர்களுக்கு

அன்புடையீர்,

ஆஸ்திரேலியாவின் கிழக்கே சிட்னியில் புறப்பட்ட எங்கள் கேரவன்கள் (கார் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டிகள்) மேற்கே பெர்த் வந்து சேர்ந்துவிட்டன. ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். நன்றி சொல்ல வேண்டியவர்கள் வழியெல்லாம் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் சொல்லிக்கொடுத்ததில் பெரும்பகுதி கைகொடுத்தது கடைசி நாளில்தான். மெரடினிலிருந்து பெர்த்துக்கு 260 கிலோமீட்டர். நல்லார்பார் என்ற வறண்ட சமவெளியில் தினமும் வண்டியில் குனிந்து பார்த்ததையெல்லாம், ‘இன்னும் மூணு மணி நேரம்தானே’ என்று பார்க்காமல் விட்டுவிடத் தோன்றும் காலை அது.

முதல் நன்றி மெரடின் கேரவன் பூங்காவில் பக்கத்து இடங்களில் நின்ற மூத்தவர்களுக்கு. ‘கடைசி நாள்தானே, தண்ணியைக் கொட்டிட்டா டீசல் மிச்சம்’ என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. அதில் உள்ள ஆபத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியது நீங்கள்தான். 2,400 கிலோ கேரவன் என்றால், காரின் பின்னால் அதை மாட்டும் குமிழான டோ பாலில் சுமார் 240 கிலோ, அதாவது பத்து சதவீதம், உட்கார வேண்டும். கேரவனின் சக்கர அச்சிலிருந்து டோ பால் 5 மீட்டர் தள்ளி இருக்கிறது. அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் 80 லிட்டர் தொட்டி. அதைக் காலி செய்தால் டோ பாலில் 16 கிலோ குறையும். கேரவனின் மூக்கில் இருக்கும் இரண்டு 9 கிலோ கேஸ் சிலிண்டரும் பயண முடிவில் தீர்ந்திருக்கும்; அதில் 15 கிலோ போச்சு. அச்சுக்கு இரண்டரை மீட்டர் பின்னால் 60 லிட்டர் கழிவுநீர்த் தொட்டி நிறைந்திருந்தால் டோ பாலில் இன்னும் 30 கிலோ குறையும். 240 இப்போது 180க்குக் கீழே, எட்டு சதவீதம்கூட இல்லை. மூன்றும் சேர்ந்து நடப்பது கடைசி நாளில்தான். முன்பாரம் குறைந்த வண்டி பக்கக் காற்றிலும் இறக்கத்திலும் வாலாட்டும், அதாவது இடமும் வலமும் ஆடும். எனவே முதலில் கழிவுநீரை, அதைக் கொட்டுவதற்கென்றே உள்ள டம்ப் பாயிண்டில் விட வேண்டும். முன் தொட்டி நிறைந்தே இருக்கட்டும். கொட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அச்சுக்குப் பின்னால் இருக்கும் தொட்டியைக் கொட்டலாம்.

அந்த முன் தொட்டியை நிரப்பியவர்களுக்கும் நன்றி. நல்லார்பார் ரோட்ஹவுஸ்களில் (சாலையோர எரிபொருள், உணவு நிலையங்களில்) தண்ணீர் அரிது, டீசல் தொலைவிலிருந்து லாரியில் வருவது. விலையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் அதையும் நினைக்க வேண்டும். மெரடின் பக்கம் வந்தால் நெடுஞ்சாலையை ஒட்டியே, மேற்கு ஆஸ்திரேலியத் தங்கவயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய் ஓடுகிறது. பொறியாளர் சி. ஒய். ஓ’கானர் வகுத்த திட்டம், 1903இல் திறந்தது. பெர்த் அருகே முண்டாரிங் அணைத் தண்ணீரைத் தங்கச் சுரங்க நகரமான கல்கூர்லி வரை தள்ளியது. அவர் 1902இலேயே இறந்துவிட்டார், திறப்பைப் பார்க்கவில்லை.

டம்ப் பாயிண்டுகளைச் சுத்தமாக வைத்திருக்கும் ஊராட்சிப் பணியாளர்களே, உங்கள் வேலையை யாரும் புகைப்படம் எடுப்பதில்லை. கேரவன் கழிப்பறையின் கழிவுப் பெட்டியான காசெட்டைக் கவிழ்க்கும்போது காற்றுப் பொத்தானை அழுத்திக்கொண்டே ஊற்றினால் குபுக் குபுக் என்று தெறிக்காது. கழுவ அங்கே தனிக் குழாய் உண்டு. குடிநீர் ஹோஸ் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஈரத் துடைப்பான்களைப் போடுகிறவர்களால்தான் அடைத்துக்கொள்கிறது. அவர்கள் சார்பில் மன்னிப்பு.

பல டிரெய்லர்களை இழுக்கும் நீண்ட லாரிகளான ரோடு ட்ரெயின்களின் ஓட்டுநர்களுக்கு: நல்லார்பாரைக் கடக்கும் ஐயர் நெடுஞ்சாலையில் பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டர் வளைவே இல்லாத சாலை. அங்கே லாரி ஓட்டுநர்கள் பேசும் யு.எச்.எஃப். ரேடியோ சேனல் 40இல் நீங்கள் பொறுமையாகச் சொன்னதை இப்போது மற்றவர்களுக்கும் சொல்கிறோம். முந்த வரும் லாரிக்காகச் சாலையோர மண்ணில் இறங்காதே. வேகத்தை மாற்றாமல் உன் பாதையிலேயே போ. லாரி வலப்புறம் ஏறியபின் ஆக்சிலரேட்டரை மெதுவாக விடு. கடைசி டிரெய்லரும் தாண்டியதும் விளக்கைச் சிமிட்டு. அது தெரிந்தால்தான் அவரால் நிம்மதியாக இடப்பக்கம் வர முடியும். லாரியின் மூக்கு நெருங்கும்போது காற்று கேரவனை வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பக் கூடாது.

மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் பழம், காய்கறி, தேன் எல்லாவற்றையும் சலிக்காமல் கேட்டு வாங்கிய தடுப்புச் சோதனை அலுவலர்களுக்கு நன்றி. சாலையையே ஓடுதளமாக்கும் அடையாளங்களோடு காத்திருக்கும், விமானத்தில் வந்து மருத்துவம் பார்க்கும் ராயல் ஃப்ளையிங் டாக்டர் சேவைக்கும் நன்றி. அது தேவைப்படாமல் போனது நிம்மதி.

டயர் கடைக்காரர்கள் சொன்ன இரண்டு விஷயங்கள் இன்று காலையும் நடந்தன. சக்கரம் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் மறுபடி பார்க்க வேண்டும்; சூடேறி உட்கார்ந்தபின் நட்டு தளரும். நின்ற இடத்திலெல்லாம் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பைப் புறங்கையால் பதமாகத் தொட வேண்டும். நான்கும் ஒரே சூடாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங்கில் கிரீஸ் போயிருக்கும், அல்லது பிரேக் பிடித்தபடியே இருக்கும்.

இனி கிரீன்மவுண்ட். டார்லிங் மலைத்தொடரிலிருந்து மிட்லண்டுக்கு இறங்கும் சரிவு. பயணத்தின் கடைசிச் சில கிலோமீட்டர். உச்சியைத் தாண்டுமுன்பே தாழ் கியருக்கு வந்துவிட வேண்டும். ஆட்டோமேடிக் என்றால் மேனுவலில். பிரேக்கைத் தொட்டபடியே இறங்கினால் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காது. நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். வண்டி வாலாட்டத் தொடங்கினால் கார் பிரேக்கை மிதிக்காமல், டேஷ்போர்டில் இருக்கும் கன்ட்ரோலர் பொத்தானால் கேரவன் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். அந்தப் பொத்தானைக் காலையில் சமதளத்தில் வண்டியை மெதுவாக உருட்டி ஒருமுறை சோதித்துப் பார்க்கச் சொன்னீர்கள். இரண்டு டன்னுக்கு மேற்பட்ட கேரவனில் கட்டாயமாக உள்ள பிரேக்அவே பின்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னீர்கள். கேரவன் கழன்றால் அதுதான் சக்கரங்களைக் குறைந்தது 15 நிமிடம் பூட்டி வைக்கும். இரண்டையும் செய்துவிட்டுத்தான் மெரடினை விட்டுக் கிளம்பினோம்.

கேஸ் வால்வு மூடியாயிற்று. ஃபிரிட்ஜ் கதவுக்கு இடையில் ஒரு மடித்த துண்டு இருக்கிறது, பூஞ்சை பிடிக்காமலிருக்க. மிஞ்சிய கழிப்பறை ரசாயனப் புட்டி ஒன்றும் இரண்டு குடிநீர் ஹோஸ் இணைப்பிகளும் இங்குள்ள பூங்கா அலமாரியில் இருக்கின்றன. கிழக்கே போகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
மேற்கே வந்து சேர்ந்த கேரவன்காரர்கள்