நீரிழிவு நோயாளியின் குடலையும் கவனியுங்கள்: ஒரு திறந்த மடல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், நீரிழிவு ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம். உங்கள் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வு, 2021-இல் ஏறத்தாழ 10.1 கோடி இந்தியர்களுக்கு நீரிழிவு இருந்ததாகக் கணக்கிட்டது. அவர்களுடைய கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் பற்றிப் பேசுகிற அளவுக்குக் குடலைப் பற்றி நாம் பேசுவதில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிட்டவருக்கு, உண்ட சோறு இரைப்பையிலேயே தங்கிவிட்டால், முதலில் சர்க்கரை தாழ்ந்து வியர்த்துக் கொட்டும். மருந்தின் வேகம் அடங்கிய பிறகு அதே சோறு செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும். இன்னொருவருக்குத் தீராத மலச்சிக்கல், வேறொருவருக்கு இரவில் வயிற்றுப்போக்கு. வாய்விட்டுச் சொல்லக் கூசும் தொல்லைகள் என்பதாலேயே இவற்றில் பல மருத்துவக் குறிப்பேட்டில் ஏறுவதில்லை என்று நினைக்கிறேன்.

மூளையிலிருந்து குடலுக்கு இறங்கும் வேகஸ் நரம்பு, குடற்சுவரில் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கும் நரம்பணுக்கள், அசைவின் தாளத்தை அமைக்கும் காஹால் செல்கள் ஆகிய மூன்றும் நீரிழிவில் சிதைவதுண்டு. எது முதலில் சிதைகிறது என்பதை மனித உடலில் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வரிக்குதிரை மீன் குஞ்சில் பார்க்கலாம். கங்கைச் சமவெளி ஓடைகளில் திரியும் இந்த மீனுக்கு 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் அறிவியல் பெயரிட்டார். கருவுற்ற ஐந்தாம் நாளில் நான்கு மில்லிமீட்டர் நீளமே உள்ள அதன் குஞ்சை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், கண்ணாடி போன்ற உடலுக்குள் குடல் சுருங்கி அலையலையாய் நகர்வது தெரியும். ஒளிரும் நுண்மணிகள் கலந்த தீனியை ஏழாம் நாளில் கொடுத்து, அது எங்கே தேங்குகிறது என்று மணிக்கணக்கில் பின்தொடரவும் இயலும்.

ஆனால் இந்த மீனுக்கு இரைப்பையே கிடையாது. எனவே இரைப்பை முடக்கத்துக்கு விடை கண்டதாக வரும் விண்ணப்பங்களை ஐயத்தோடு அணுகுங்கள். மரபணு மாற்றிய மீன்களில், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்க மெட்ரோனிடசோல் என்னும் மருந்தைக் கொடுப்பவர்கள், அம்மருந்து குடல் நுண்ணுயிர்களையும் கொல்லும் என்பதை மறக்கக் கூடாது. மரபணு மாற்றமில்லாத மீன்களுக்கும் அதே மருந்தைக் கொடுத்து ஒப்பிடும்படி கட்டாயப்படுத்துங்கள். குளுக்கோஸ் கரைத்த நீரில் குஞ்சுகளை விடுவோர், விளைவு குளுக்கோஸாலா, கரைசலின் செறிவாலா என்று பிரித்தறிய, அதே செறிவில் மானிட்டால் என்னும் வேறொரு பொருளைக் கரைத்த நீரிலும் ஒரு தொகுதியை வைத்துப் பார்க்க வேண்டும். மருந்தை நிறுத்திய சில நாட்களிலேயே குஞ்சுகளில் பீட்டா செல்கள் மீண்டும் முளைத்துவிடுவதால், ஆண்டுக்கணக்கில் ஊறும் நோயை ஒரு வாரக் குஞ்சைக் கொண்டு அளந்துவிட முடியாது. வளர்ந்த மீன்களில் சர்க்கரையை மாதக்கணக்கில் உயர்த்தி வைத்து நடத்தும் ஆய்வுகளுக்கும், அறுவை சிகிச்சையின்போது ஒப்புதலோடு பெறப்படும் மனிதக் குடல் திசுவோடு அவற்றை ஒப்பிடும் ஆய்வுகளுக்கும், அடுத்த நிதி அறிவிப்பில் தனித் தலைப்பு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உடலியங்கியல் ஆசிரியர் ஒருவர்