செவலையின் தீனிப்பை: மகளுக்கு ஒரு கடிதம்

புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு

அன்பு மகளுக்கு,

நேற்றிரவு நீ புலனத்தில் அனுப்பிய படங்களை உன் அம்மாவும் நானும் பார்த்தோம். உன் கோழி செவலையின் கழுத்து மார்போடு சேரும் இடத்தில், சற்று வலப்பக்கம் தள்ளிப் புடைத்திருப்பது அதன் தீனிப்பை. கட்டியோ கழலையோ என்று பயந்துவிடாதே. எண்ணெய் ஊற்றலாமா, இல்லை காணொளியில் காட்டியதைப் போல் தலைகீழாகப் பிடித்து உள்ளே இருப்பதைக் கக்க வைக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டதாக எழுதியிருந்தாய். இரண்டாவதை அடியோடு மறந்துவிடுங்கள். முதலாவதை நாளைக் காலை வரை தள்ளி வையுங்கள். தொலைபேசியில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

கோழி கொத்தித் தின்னும் தீனி நேராக வயிற்றுக்குப் போவதில்லை. உணவுக்குழாயே ஓரிடத்தில் பையாக விரிந்து, தின்றதை வாங்கி வைத்து, ஊற விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அனுப்புகிறது. அதற்குக் கீழே செரிமான நீர் சுரக்கும் வயிறும், அதற்கும் கீழே, விழுங்கிய சிறு கற்களைக் கொண்டு தீனியை அரைக்கும் அரைவைப்பையும் இருக்கின்றன. குழம்பில் அந்த அரைவைப்பை கிடந்தால் நீயும் தம்பியும் சண்டை போட்டுக்கொள்வீர்களே, அதேதான். அடையப் போகும் நேரத்தில் தீனிப்பை புடைத்திருப்பது நோயல்ல, நல்ல சாப்பாட்டுக்கு அடையாளம். ராத்திரி முழுக்க அது கீழே இறங்கி, விடியற்காலையில் பை வெறுமையாகத் தளர்ந்து கிடக்க வேண்டும். நீ எடுத்த படம் மாலையில் எடுத்தது. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆகவே இன்று இரவு செவலையை மற்ற கோழிகளிடமிருந்து பிரித்து, ஒரு பெட்டியிலோ கூண்டிலோ பழைய துண்டு விரித்து வை. வைக்கோலோ மரத்தூளோ போடாதே. பசியில் அதையும் கொத்தும். தண்ணீர் மட்டும் இருக்கட்டும். காலையில் தீனியைக் கண்ணில் காட்டுவதற்கு முன்னால் அதைத் துண்டால் இறக்கையோடு சேர்த்துச் சுற்றி, மடியில் உன் வயிற்றோடு அணைத்து வைத்துக்கொள். இறுக்கிப் பிடிக்காதே. நமக்கு இருப்பதைப் போன்ற உதரவிதானம் கோழிக்குக் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. பிறகு நான்கு விரல்களின் நுனியால் பையைத் தொட்டுப் பார்.

பை வெறுமையாக இருந்தால் சிக்கல் வேறெங்கோ இருக்கிறது, அல்லது சிக்கலே இல்லை. பிசைந்து வைத்த ரொட்டி மாவைப் போல் இறுகலாக இருந்து, அழுத்திய விரல் தடம் அப்படியே நின்றால் தீனி அடைத்துக்கொண்டிருக்கிறது. இறுகல் இல்லாமல் உள்ளே நீர் தளும்பி, அலகைத் திறந்து முகர்ந்தால் புளித்த நாற்றம் அடித்தால் அது பூஞ்சைப் புளிப்பு. பெரும்பாலும் காண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையின் வேலை. இந்த நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள், உனக்கும் ஐயம் வராது. இன்னொன்று உண்டு: பையின் தசை தளர்ந்துபோய் அது எப்போதும் கீழே தொங்கிக்கொண்டே இருப்பது. அதை முழுதாகச் சரி செய்ய முடியாது, சிறுகச் சிறுகத் தீனி வைத்துச் சமாளிக்கத்தான் முடியும்.

அடைப்பு என்று தெரிந்தால் தேங்காய் எண்ணெய் உதவும், ஆனால் கரண்டியால் வாயில் ஊற்றக் கூடாது. கோழியின் மூச்சுக்குழாய் வாய் நாக்கின் வேருக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. அதை மூடிக் காக்க நமக்கு இருக்கும் குரல்வளை மூடி அதற்கு இல்லை. அவசரத்தில் ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் முதலுக்கே மோசமாகிவிடும். தலைகீழாகப் பிடிக்காதே என்று நான் சொல்வதும் இதற்காகத்தான்; பையில் இருக்கும் புளித்த நீர் மூச்சுக்குழாயில் இறங்கி, கையிலேயே உயிர் போன கோழிகள் உண்டு. நம் ஊர்ச் சூட்டில் தேங்காய் எண்ணெய் உறைவதில்லை, 24 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால்தான் கட்டியாகும். எனவே ஒரு தட்டில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, உறைந்ததும் கடலைப் பருப்பு அளவுத் துண்டுகளாகக் கீறி, அலகைத் திறந்து ஒவ்வொன்றாக உள்ளே வை. அது தானே விழுங்கும். ஒரு வேளைக்கு நான்கைந்து துண்டு போதும்.

கொஞ்ச நேரம் கழித்து, வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டு மருந்துக் குழாயால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த சொட்டை விடு. பிறகு பையை விரல்களால் மெதுவாக உருட்டிப் பிசை. கட்டி உதிர வேண்டும் என்பதுதான் நோக்கம், மேலே வாயை நோக்கித் தள்ளுவதல்ல. ஐந்து நிமிடம் பிசைந்து விட்டுவிட்டு, சில மணி நேரம் கழித்து மறுபடி செய். ஒரு நாள் வரை தீனி வேண்டாம், தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். அதற்கு மேல் பட்டினி போடாதே. மார்பெலும்பைத் தடவிப் பார்த்தால் இரு பக்கமும் சதை வற்றிக் கத்தி முனையாக நிற்கிறதென்றால், அந்த ஒரு நாள் பட்டினியைக்கூட அது தாங்காது.

புளிப்பு என்றால் வழி வேறு. பிசைவதை விடு, எண்ணெயையும் விடு. பூஞ்சைக்கு இனிப்பும் மாவும்தான் தீனி. ஆகவே ரொட்டி, சோறு, பப்பாளி, வாழைப்பழம் எதுவும் கூடாது. உன் அம்மா தயிர் கொடுக்கச் சொல்கிறாள்; ஒரு தேக்கரண்டி கெடுதல் செய்யாது, அதுவே குணப்படுத்தும் என்றும் நம்பாதே. உண்மையான மருந்து நிஸ்டாட்டின். அதைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்து அளவு சொல்ல வேண்டும். மயில்துத்தம் கரைத்துக் கொடு என்று யாராவது அனுபவசாலி சொல்லுவார். அளவு கொஞ்சம் கூடினாலும் அது விஷம், கிட்டவே விடாதே. அண்மையில் செவலைக்கு ஆன்டிபயாட்டிக் ஏதாவது கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல். நல்ல நுண்ணுயிர்கள் அழிந்த இடத்தில்தான் இந்தப் பூஞ்சை தலையெடுக்கும்.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. செவலைக்கு ஆறு வயதாகிறது. இளங்கோழிக்குத் தீனிப்பை அடைத்தால் நீளப் புல்லையோ கயிற்றையோ விழுங்கியிருக்கும், எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லலாம். வயதான பெட்டைக்கு அப்படி இல்லை. பெரும்பாலும் நோய் கீழே இருக்கும், அதன் அடையாளம் மட்டும் மேலே பையில் தெரியும். அரைவைப்பை நின்றுவிட்டாலோ, குடலில் புழு நிறைந்திருந்தாலோ, வயிற்றுக்குள் முட்டைக் கரு சிந்திச் சீழ் பிடித்தாலோ, கருப்பையில் கட்டி வளர்ந்து குடலை நெருக்கினாலோ, மேலே இருக்கும் பை இறங்க வழியில்லாமல் நிற்கும். முட்டையிட்டே தேய்ந்த பெட்டைகளுக்குச் சினைப்பைப் புற்று வருவது அரிதல்ல. ஆகவே பையைத் தொட்டதும் கையைக் கீழே கொண்டுபோய், பின் தொடைகளுக்கு நடுவே, எச்சத் துவாரத்துக்குக் கீழே தடவிப் பார். அங்கே உப்பலாகவோ, நீர் கோத்தோ, சூடாகவோ இருந்தால், நிமிர்ந்து வால் தாழ்த்தி நடந்தால், பையைப் பிசைந்துகொண்டிருப்பதில் பயனில்லை. எச்சத்தையும் பார்; கொஞ்சமே வந்து, கரும்பச்சையாக இருந்தால் உள்ளே உணவு போகவில்லை, பித்த நீர் மட்டும் வருகிறது என்று பொருள்.

ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் ஒரே நேரத்தில் சோர்ந்து, பச்சையாகக் கழிந்து, அலகில் நீர் வடித்தால் அது செவலையின் தீனிப்பைக் கதையே அல்ல, கோழிச்சீக்கு. அப்போது கை வைத்தியம் பார்க்காமல் உடனே கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லிவிட வேண்டும்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் உன் பாட்டி வீட்டுக்குப் பக்கத்து லயத்தில் ஒரு கிழவி சவர பிளேடால் தீனிப்பையைக் கீறி, உள்ளே இருந்ததை வழித்தெடுத்துவிட்டு, தையல் ஊசியால் தைத்து மஞ்சளை அப்பி விடுவார். பிழைத்த கோழிகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். பிழைக்காதவை குழம்பாகிவிட்டதால் அவற்றுக்குக் கணக்கில்லை. இப்போதும் அறுவை தேவைப்படலாம், தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுத்து மருத்துவர் செய்யட்டும். உள்ளே பையும் வெளியே தோலும் தனித்தனியாகத் தைக்கப்பட வேண்டும். சமையலறை மேசையில் நடக்கிற காரியமல்ல அது.

பை இறங்கிவிட்டால், அடுத்த சில நாட்களுக்கு வழக்கமான தீனியை வெந்நீரில் கஞ்சிப் பதமாக ஊற வைத்து, வேக வைத்த முட்டையைக் கொஞ்சம் மசித்துச் சேர்த்து, ஒரே வேளையில் நிறைய வைக்காமல் நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடு. கங்கோங் கீரையைக் கட்டோடு தொங்கவிடும் வழக்கத்தை விடு. தண்டு நார் நாராகப் போய்ப் பைக்குள் கயிறு திரிக்கும். விரல் அகலத்துக்கு நறுக்கிப் போடு. உங்கள் குடியிருப்புத் தாமானில் புல்வெட்டும் ஆட்கள் வந்துபோன அன்று கோழிகளைத் திறந்துவிடாதே. வெட்டிப் போட்ட நீளப் புல்லை அவை வாரி விழுங்கும். வேலியில் கட்டியிருக்கும் ராஃபியா கயிறு இற்றுத் தொங்கினால் அறுத்து எறிந்துவிடு. உன் கொல்லை முழுவதும் சிமெண்டு என்பதால் அரைவைப்பைக்குக் கல் கிடைக்காது. நொறுக்கிய கருங்கல் சிறு மணிகளாகக் கடைகளில் கிடைக்கிறது, ஒரு கிண்ணத்தில் தனியாக வை. சிப்பித் தூள் அதற்கு ஈடாகாது, அது வயிற்றில் கரைந்து சுண்ணாம்புச் சத்தாகிவிடும். தீனி மூட்டையைத் தரையில் வைக்காமல் மூடியுள்ள வாளியில் கொட்டி வை. நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்த தீனியை முகர்ந்தாலே தெரியும். தெரிந்தால் மூட்டையோடு எறிந்துவிடு, காசைப் பார்க்காதே.

இரண்டு காலைகள் தொட்டுப் பார்த்தும் பை இறங்கவில்லை என்றாலும், இடையில் அது வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும், காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டு போ. நீ இருக்கும் கெப்போங்கிலிருந்து செர்டாங் தொலைவுதான்; ஆனால் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. எல்லா கிளினிக்குகளும் கோழியைப் பார்ப்பதில்லை, பூனை நாய் என்றால்தான் கதவு திறப்பார்கள். எங்கே போவதானாலும் முன்கூட்டியே அழைத்துக் கேட்டுக்கொள். வெயில் ஏறும் முன் கிளம்பு, காற்றோட்டமுள்ள பெட்டியில் வை. அன்றைய எச்சத்தைச் சிறு டப்பாவில் எடுத்துப் போனால் புழு முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். சமையல் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொள். உள்ளே கட்டி என்று மருத்துவர் சொன்னால், வலியில்லாமல் முடித்துவைப்பதைப் பற்றியும் தயங்காமல் அவரிடமே கேள். பேத்தியிடம் அதை நீயே சொல். மாப்பிள்ளை சுற்றி வளைத்துச் சொல்லிக் குழந்தையைக் குழப்பிவிடுவார்.

செவலை எப்போதாவது இன்னும் முட்டை இடுகிறதென்றால், மருந்து கொடுக்கும் நாட்களிலும், அதன் பிறகு மருத்துவர் சொல்லும் நாட்கள் வரையிலும் அந்த முட்டையை யாரும் சாப்பிட வேண்டாம். காலையில் கைவைத்துப் பார்த்ததும், பை இறுகலா தளும்பலா, நாற்றம் உண்டா இல்லையா, எச்சம் என்ன நிறம் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா