ஏற்றத்தைவிட இறக்கத்துக்குத்தான் பயிற்சி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, "பயத்தில் கட்டிலை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறார், நாங்களும் வற்புறுத்தவில்லை" என்று, அதுதான் மனதை உறுத்துகிறது. அதற்கு வருகிறேன். முதலில் நீ கோபமாகக் கேட்ட கேள்விக்குப் பதில்.

ஆமாம், பிசியோதெரபிக்கு வழியில்லாத நோயாளிகளுக்குப் பணம் திரட்ட ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலைக்குப் போவது உறுதி. "தொடையில் ராடு வைத்துக்கொண்டு மலை எதற்கு? தர்ம காரியம்தான் என்றால் அந்தச் செலவுப் பணத்தை அப்படியே கொடுத்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி, நானும் பல நாள் யோசித்தது. அதனால்தான் பயணச் செலவு முழுவதும் என் சேமிப்பிலிருந்து என்று முடிவு செய்தேன். நன்கொடையில் ஒரு பகுதியை எடுத்து விமான டிக்கெட் வாங்கும் ஏற்பாடுகள் இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொடுக்கிறவர் நோயாளிக்கென்று நினைத்துக் கொடுக்கிறார், அது நோயாளிக்குத்தான் போக வேண்டும். ஆனால் என் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் விஷயம் என்னோடு முடிந்துவிடும். மலைக்குப் போகிறேன் என்றால் எல்லோரும் என் காலைப் பற்றிக் கேட்கிறார்கள். கால் எப்படித் தேறியது என்று சொல்ல ஆரம்பித்தால் பேச்சு தானாகவே பிசியோதெரபிக்கு வந்துவிடுகிறது. எனக்கு வேண்டியது அந்தப் பேச்சு.

அறுவை சிகிச்சைக்கு என்றால் யாரிடமாவது கேட்கலாம், சொந்தபந்தம் கொடுக்கும், காப்பீடு கொடுக்கும், முன்பின் தெரியாதவர்கள்கூடக் கொடுப்பார்கள். உயிர் போகிற விஷயம் என்று எல்லோருக்கும் புரிகிறது. அதற்கு அப்புறம் வரும் மாதக்கணக்கான பயிற்சிக்கு யாரும் கொடுப்பதில்லை. நான் பயிற்சிக்குப் போன இடத்தில் பக்கத்து மேஜைக்கு ஒருவர் வருவார், சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி. முழங்காலை ஒட்டிய எலும்பு நொறுங்கி, தகடு வைத்துச் சேர்த்திருந்தார்கள். எக்ஸ்ரேயில் எல்லாம் அழகாகக் கூடியிருந்தது. ஆனால் ஒரு நாள் பயிற்சிக்கு வந்தால், கூட வருகிற வீட்டு ஆளுக்கு ஒரு நாள் கூலி போகும். கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிட்டார். பின்னால் ஒருமுறை பார்த்தபோது முட்டி பாதிக்கு மேல் மடியாமல் இறுகிப்போயிருந்தது. குத்தவைக்க முடியாது, சுமையோடு படியேற முடியாது. எலும்பை டாக்டர்கள் காப்பாற்றிக் கொடுத்தும், அவருடைய பிழைப்பு போய்விட்டது. எனக்கும் அவருக்கும் காயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. என்னால் தொடர்ந்து போக முடிந்தது, அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். நான் திரட்டும் பணம் இப்படிப்பட்டவர்கள் பாதியில் நிறுத்தாமல் இருக்க. போக்குவரத்துச் செலவும், இழக்கிற கூலியில் ஒரு பங்கும் அதிலிருந்து போகும்.

இதனால்தான் அம்மாவைப் பற்றி நீ எழுதிய வரி என்னை இவ்வளவு பாதித்தது. இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களை, உடல்நிலை இடம்கொடுத்தால், அறுவை சிகிச்சைக்கு மறுநாளே எழுப்பி நிற்க வைக்க வேண்டும் என்பதுதான் இன்றைய மருத்துவ நெறி. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம், நெஞ்சில் சளி தேங்கலாம், முதுகில் புண் வரலாம். தசை கரைவது வாரக்கணக்கில் தெரிந்துவிடும். எலும்பும் சுமை ஏற ஏறத்தான் உறுதிப்படுகிறது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892லேயே இதைப் புத்தகமாக எழுதிவிட்டார். அம்மாவின் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. முதல் தடவை அடிபட்ட காலைத் தரையில் வைக்கும்போது, அது தாங்கும் என்று டாக்டர் ஆயிரம் சொன்னாலும் உடம்பு நம்பாது. வலியைவிட அந்த நம்பாமைதான் கொடுமை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நான் நின்றபோது பிசியோ என் இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டைக் கையில் பிடித்திருந்தார். அந்தப் பிடி இருக்கிறது என்பதால்தான் என்னால் எடையை மாற்ற முடிந்தது. அம்மாவுக்கும் அப்படி ஒரு பிடி வேண்டும். நாளைக்கே அவருடைய டாக்டரைக் கேட்டு, வீட்டுக்கு வரும் பிசியோ ஒருவரை ஏற்பாடு செய். பாவம், வயதானவர் என்று விட்டுவிடாதே.

சரி, மலைக்கு வருகிறேன். 5,895 மீட்டர், ஆப்பிரிக்காவிலேயே உயரமான இடம். இருந்தாலும் வழக்கமான பாதைகளில் கயிறு கட்டி ஏற வேண்டியதில்லை, நடந்தே உச்சிக்குப் போகலாம். சிரமம் காற்றில்தான். உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே கணக்கில் குறையும். உடம்பு பழகுவதற்கு நாள் கொடுக்க வேண்டும் என்பதால் எட்டு நாள் எடுக்கும் லெமோஷோ பாதையைத் தேர்ந்தெடுத்தோம். அதில் ஒரு நாள் லாவா டவர் என்ற பாறை வரை, சுமார் 4,600 மீட்டர் ஏறிவிட்டு, தூங்குவதற்குப் பராங்கோ முகாமுக்கு, அதாவது 4,000 மீட்டருக்கும் கீழே, இறங்கிவிடுவோம். அவசரக்காரர்களின் குறுகிய திட்டங்களை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

என் கவலை எல்லாம் இறக்கத்தைப் பற்றித்தான். உச்சிக்குப் போகும் நாளில் பராஃபு முகாமிலிருந்து நள்ளிரவில் கிளம்பி சுமார் 1,200 மீட்டர் ஏற வேண்டும். அன்றைக்கே பெரும்பாலான குழுக்கள் ம்வேகா முகாம் வரை இறங்கிவிடுகின்றன. அது சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார், ஒரே நாளில் கிட்டத்தட்ட 2,800 மீட்டர் இறக்கம், அதுவும் தூக்கமில்லாத கால்களோடு. ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும், பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டு வண்டியை இறக்குவதுபோல. அடிபட்ட காலில் கடைசியாகத் திரும்பி வருவது இந்தத் திறன்தான்.

அதனால் என் பயிற்சி பெரும்பாலும் ஒரே ஒரு படியில் நடக்கிறது. படியின் விளிம்பில் அடிபட்ட காலால் நின்று, மற்றக் காலை முன்னால் நீட்டி, அந்தக் குதிகால் தரையைத் தொடும்வரை உடம்பை இறக்க வேண்டும். பொத்தென்று விழக்கூடாது. முட்டி உள்பக்கம் சாயக்கூடாது. பிசியோ எதிரில் உட்கார்ந்து முட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார், "இன்னும் மெதுவா" என்பதைத் தவிர ஒன்றும் சொல்ல மாட்டார். ஆரம்பத்தில் முட்டிக்கு மேலே தசை தனியாகத் துடிப்பது கண்ணுக்குத் தெரியும். இப்போது அது அடங்கிவிட்டது, முதுகுப்பையோடும் செய்ய முடிகிறது. இறக்கத்தில் இரண்டு கைகளிலும் ஊன்றுகம்பு இருக்கும், முட்டிக்குப் போகும் சுமையைக் கைகளும் பகிர்ந்துகொள்ளும். இறங்கும் வழியில் 3,800 மீட்டரை ஒட்டி மில்லேனியம் முகாம் இருக்கிறது. கால் ஒத்துழைக்காவிட்டால் அன்றிரவு அங்கேயே தங்கிவிடுவது என்று வழிகாட்டிகளிடம் இப்போதே பேசி வைத்தாகிவிட்டது.

இன்னொன்றும் விசாரித்தேன். நம் கூடாரத்தையும் சாமானையும் தூக்கிக்கொண்டு நமக்கு முன்னால் ஏறுகிறவர்கள் சுமைதூக்கும் தொழிலாளர்கள். ஒருவருக்கு 20 கிலோ என்று தேசியப் பூங்காவில் வரம்பு உண்டு. கூலி ஒழுங்காகப் போகிறதா என்று கண்காணிக்க கிளிமஞ்சாரோ சுமைதூக்குவோர் உதவித் திட்டம் என்று ஒரு அமைப்பே இருக்கிறது. அதோடு இணைந்த நிறுவனத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஒரு கூலித் தொழிலாளியின் முட்டிக்காகப் பணம் சேர்க்கப் போய் இன்னொருவரின் முதுகை ஒடிக்கக் கூடாது.

அருணிமா சின்ஹா பற்றி நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். 2011இல் ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிடப்பட்டு ஒரு காலை இழந்தவர், 2013 மே மாதம் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். நினைத்தாலே மெய்சிலிர்க்கிறது. ஆனால் "மனம் இருந்தால் யாருக்கும் முடியும்" என்று அந்தக் கட்டுரை முடித்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. என் பக்கத்து மேஜைக்காரருக்கு மனம் இல்லாமலா போனது? அவர் ஒவ்வொரு முறையும் எனக்கு முன்னால் வந்து காத்திருப்பார். மனம் இருப்பவர்களுக்கு வழி போட்டுக் கொடுப்பது மற்றவர்கள் வேலை.

நீ பணம் அனுப்புவதாக இருந்தால் எனக்கு அனுப்பாதே. பயிற்சி தரும் மறுவாழ்வு மையத்தின் கணக்கு விவரத்தைத் தனியாக அனுப்புகிறேன், ரசீது அவர்களிடமிருந்தே உனக்கு வரும். புறப்படும் முன் டாக்டரிடம் இன்னும் ஒரு எக்ஸ்ரே பாக்கி இருக்கிறது. அவர் வேண்டாம் என்றால் போக மாட்டேன், வீட்டில் அப்படி வாக்குக் கொடுத்துவிட்டேன். அப்போதும் பணம் திரட்டுவது நிற்காது. கொடுக்கிற எல்லோரிடமும் இதைச் சொல்லித்தான் கேட்கிறேன், நான் உச்சியைத் தொட்டால்தான் என்று யாரும் காத்திருக்க வேண்டாம் என்று.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்