காந்திபுரம் கடையில் பார்த்த அண்ணாவுக்கு நன்றிங்க

எலெக்ட்ரானிக்ஸ் கடையில் என் லேப்டாப்பை எட்டிப் பார்த்து, "ஏங்கண்ணு, புள்ளியெல்லாம் இப்படிச் சுத்துது?"ன்னு கேட்டீங்களே அண்ணா, உங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

தோட்டத்துக் கிணத்து நீர்மட்டத்தை வீட்டுக்கு அனுப்ப 866 மெகாஹெர்ட்ஸில் எஸ்டிஆர் (மென்பொருள் வழியா இயங்கற ரேடியோ) இணைப்பு. சிக்னல் பலமா இருந்தும் பாக்கெட்ங்கிற தகவல் துண்டு எதுவும் முழுசா வரலை. க்யூபிஎஸ்கேங்கிறது அலையோட நாலு கட்டங்கள்ல தகவலை அனுப்பற முறை; அதுல, திரையில் நாலு கொத்தா நிக்க வேண்டிய புள்ளிங்க வட்டமாச் சுழன்றன.

தகவல் ஏத்தாத வெறும் கேரியர் அலையை மட்டும் அனுப்பச் சொன்னீங்க. அதோட உச்சி இருக்க வேண்டிய இடத்துல இருந்து 17 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நின்னுச்சு. ரேடியோவோட அதிர்வெண்ணைத் தீர்மானிக்கற கிரிஸ்டல் 20 பிபிஎம் (பத்து லட்சத்துல 20 பங்கு) விலகினா இந்த அலைவரிசையில் அவ்வளவு வரும்னு பில்லுக்குப் பின்னாடி கணக்குப் போட்டுக் காட்டினீங்க. அத்தனை விலகலைக் காஸ்டஸ் லூப் (ரிசீவரில் சின்ன விலகலைத் தானாச் சரிபண்ற பகுதி) தனியாப் பிடிக்காது, முன்னாடியே தோராயமாத் திருத்திக் கொடுக்கணும்னு நீங்க சொன்னது எவ்வளவு பெரிய உதவி! திருத்தினதும் நாலு கொத்தும் அசையாம நின்னுச்சுங்க.

பேர் கேக்கறதுக்குள்ள கிளம்பிட்டீங்க. இதைப் பார்த்தா தோட்டத்துக்கு வாங்கண்ணா, இளநி வெட்டித் தர்றேன்.