பித்தம் வந்துவிட்டது என்று சொன்ன தம்பிக்கு

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து என் கணவர் வீட்டுக்கு வந்துவிட்டார். அவருக்குத் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்த நாத்தனாரும் தேறி வருகிறாள். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், மறுபடியும் அதற்குள் போகத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு தம்பிக்கு. பெயர் கேட்கவில்லை. மயக்க மருந்துப் பிரிவில் டெக்னீஷியன் என்று பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு ஒரு தியேட்டரில் இவர், அடுத்த தியேட்டரில் நாத்தனார். அவள் கல்லீரலின் வலது பகுதியை எடுத்து இவருக்கு வைக்கிறார்கள். விடிகாலையில் உள்ளே போனவர்கள். இருட்டிய பிறகும் வெளியே இருந்த திரையில் "சிகிச்சை நடைபெறுகிறது" என்ற வரி மாறவே இல்லை. யாரைக் கேட்டாலும் "டாக்டர் வந்து சொல்வார்" என்றார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து, தோளில் பையோடு அந்தத் தம்பி வெளியே வந்தார். தொப்பியின் எலாஸ்டிக் அழுத்திய சிவப்புக் கோடு நெற்றியில் அப்படியே இருந்தது. லிஃப்ட் வரை போனவர் திரும்பி வந்து என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அக்கா, டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். புதுக் கல்லீரலுக்கு ரத்தம் போயிடுச்சு. பித்தம் வர ஆரம்பிச்சிடுச்சு."

அது நல்லதா கெட்டதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. முழித்தேன். அவர் நிதானமாகச் சொன்னார். ரத்தக்குழாய்களை இணைத்து, ரத்தம் போகாமல் பிடித்து வைத்திருக்கும் கிளாம்பை எடுத்ததும் வெளிறிக் கிடக்கும் கல்லீரல் சிவக்கும். சிவந்தால் மட்டும் போதாது, அது வேலை செய்ய வேண்டும். பித்தக்குழாயின் வெட்டிய முனையில் கல்லீரல் சுரக்கும் பித்தநீர் பொன் நிறத்தில் சொட்டினால் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தமாம். "என் கண்ணால பார்த்தேன்க்கா. இனிமே அந்தக் குழாயை இணைக்கணும், நேரமாகும். லேட்டாகுதேன்னு பயப்படாதீங்க." அவ்வளவுதான், பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

அதற்கப்புறமும் வெகுநேரம் ஆனது. ஆனால் அந்த நேரத்தை என்னால் உட்கார்ந்து கடக்க முடிந்தது. இனி ரிவியூவுக்குப் போகும்போதெல்லாம் அந்த வராந்தாவில் யாராவது தனியாக உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய் உட்காருவேன். எனக்கு வைத்தியம் தெரியாது, பேச்சுத்துணையாவது இருக்கலாமே.

அறுவை சிகிச்சைக் குழுவுக்கும், ஐசியு நர்ஸுகளுக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும், பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் என் நன்றி. முகம் தெரியாத ஒருத்திக்கும் சொல்ல வேண்டும். 1989-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஒரு தாய் தன் மகனுக்குக் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்தாள். உயிரோடிருப்பவரிடம் எடுத்து வைத்து உலகில் முதலில் வெற்றி பெற்ற சிகிச்சை அதுதான். அவள் துணியாமல் இருந்திருந்தால்?

நாத்தனாருக்கு நன்றி எழுதினால் திட்டுவாள். மிச்சமுள்ள கல்லீரல் சில மாதங்களில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிடுமாம். "வளர்றதைத்தானே கொடுத்தேன்" என்கிறாள். வயிற்றுத் தழும்பைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.

பார்க்க வருகிறோம் என்பவர்களுக்கு: கொஞ்ச காலம் பொறுங்கள். புதுக் கல்லீரலை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைத்திருக்கின்றன. சாதாரண சளிகூட இவருக்கு ஆபத்து. போன் செய்யுங்கள், தாராளமாகப் பேசுவார். நிறுத்தத்தான் கஷ்டம்.