செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஆசிரிய நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை கோவையில் நம் ஆங்கில ஆசிரியர் சங்கம் செய்த பணிகளை உங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

செயற்குழு விதிப்படி கூடியது. செப்டம்பர் 5 ஆசிரியர் தினக் கூட்டம் வழக்கம்போல் நடந்தது. ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வு பற்றிய ஒருநாள் பயிற்சியும் பொங்கல் சந்திப்பும் நல்லபடியாக முடிந்தன. நூலகத்துக்குச் சில புத்தகங்கள் வாங்கினோம். எடுத்துச் சென்றவர்கள் தயவுசெய்து திருப்பித் தரவும்.

இந்த ஆண்டின் முதன்மைப் பணி டெல்டா படிப்புக் குழு. டெல்டா என்பது ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்குக் கேம்பிரிட்ஜ் தரும் உயர்நிலைத் தகுதி. ஸ்போக்கன் இங்கிலீஷ் மையங்களிலும் கம்பெனிப் பயிற்சிகளிலும் பல ஆண்டு அனுபவம் பெற்றவர்களுக்கு இன்னொரு படிப்பு எதற்கு என்று செயற்குழுவிலேயே சிலர் கேட்டார்கள். அதற்கான பதிலை எழுத்தில் வைப்பது என் கடமை.

கேம்பிரிட்ஜின் இன்னொரு ஆசிரியர் படிப்பான செல்டா, தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கானது. டெல்டா, வகுப்பறையில் பழகியவர்களுக்கானது. பிரிட்டிஷ் தகுதி வரிசையில் 7ஆம் நிலை, அதாவது முதுகலைக்கு இணையான நிலை. மூன்று மாட்யூல்கள், எதை முதலில் முடித்தாலும் சரி. அனுபவம் நமக்கு என்ன செய்வது என்று கற்றுத் தந்திருக்கிறது. அதை ஏன் செய்கிறோம், இந்த மாணவருக்கு அது ஏன் பொருந்தும் என்பதை ஆதாரத்தோடு சொல்லும் பயிற்சியை அது தரவில்லை. டெல்டா கேட்பது அதைத்தான்.

மாட்யூல் ஒன்று எழுத்துத் தேர்வு. ஒன்றரை மணி நேரத் தாள்கள் இரண்டு, மொத்தம் 200 மதிப்பெண். ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கிறது. நம் குழு பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதிப் பழகியது. நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்களே இதில் தடுமாறுகிறார்கள். காரணம், கட்டுரை எழுதுகிறார்கள். இங்கே அழகான பத்திக்கு மதிப்பெண் இல்லை. தனித்தனிக் குறிப்புகளாக எழுதினால் போதும். கலைச்சொல்லை விளக்கும் கேள்வியில் விளக்கத்தோடு நிறுத்திவிடக் கூடாது. எடுத்துக்காட்டும் கூடுதலாக ஒரு குறிப்பும் வேண்டும். இலக்கணப் பகுப்பாய்வில் வடிவம், பொருள் இரண்டையும் எழுதிவிட்டு உச்சரிப்பை விட்டுவிடுவது நம் ஊரில் பொதுவான குறை. இரண்டாம் தாளில் ஒரு தேர்வை மதிப்பிடச் சொல்லும்போது, ‘நம்பகத்தன்மை குறைவு’ என்று மட்டும் எழுதினால் பாதிதான். வினாத்தாளில் தரப்பட்ட அந்தக் குறிப்பிட்ட மாணவருக்கு அதனால் என்ன நேரும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

மாட்யூல் இரண்டுதான் உண்மையான சோதனை. நான்கு பெரிய ஒப்படைப்புகள்: இரண்டு மொழியமைப்பு பற்றி, இரண்டு திறன்கள் பற்றி. ஒவ்வொன்றுக்கும் 2,000 முதல் 2,500 சொல்லில் பின்னணிக் கட்டுரை, லெசன் பிளான், அதை நியாயப்படுத்தும் குறிப்பு, பாடம் எடுத்தபின் சுயமதிப்பீடு. நான்கில் ஒன்றைக் கேம்பிரிட்ஜ் அனுப்பும் வெளி மதிப்பீட்டாளர் நேரில் பார்ப்பார். தலைப்பை அகலமாக வைப்பதுதான் முதல் சறுக்கல். ‘ஆர்ட்டிகிள்கள்’ என்று எடுத்தால் கட்டுரை மேலோட்டமாகிவிடும். ‘முதலில் அறிமுகமான ஒன்றை மறுபடி குறிப்பிடும்போது தி போடுவது’ என்று சுருக்கினால், ஆர்ட்டிகிளே இல்லாத தமிழிலிருந்து வரும் மாணவர் எங்கே இடறுகிறார் என்று ஆழமாகப் பேச இடம் கிடைக்கும்.

கேட்டல் திறன் பாடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மில் பெரும்பாலோர் ஆடியோவை இருமுறை போட்டு, விடைகளைச் சரிபார்த்து, அடுத்த பயிற்சிக்குப் போகிறோம். அது கேட்டலைச் சோதிப்பது, கற்பிப்பது அல்ல. தவறாக விடை சொன்னவர் எந்த இடத்தில் கோட்டைவிட்டார் என்று கண்டுபிடித்து, அந்த நாலைந்து நொடிகளை மட்டும் திரும்பத் திரும்பப் போட வேண்டும். ‘டு’, ‘ஆஃப்’, ‘கேன்’ போன்ற சொற்கள் பேச்சில் அழுத்தம் இழந்து, ஷ்வா எனப்படும் மங்கிய உயிரொலியாகத் தேய்வதை அங்கேதான் காட்ட முடியும். எழுத்து எழுத்தாக ஒலித்துப் பழகிய நம் மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பத்து நிமிடம் கிடையாது.

இதே மாட்யூலில், இதுவரை கையாளாத ஒரு முறையைப் பரிசோதிக்கும் பகுதியும் உண்டு. பணிவழிக் கற்பித்தலை, அதாவது மாணவருக்கு ஒரு வேலையைக் கொடுத்து அதன் வழியே மொழியைக் கற்பிக்கும் முறையை, எடுப்பவர்கள் நினைவில் கொள்ளவேண்டியது: உலகம் முழுதும் பேசப்படும் அந்த முறையின் முன்னோடிகளுள் ஒன்று என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூர்த் திட்டம். நம் மண்ணில் விளைந்ததை நாமே படிக்காமல் இருக்கக் கூடாது.

மாட்யூல் மூன்றில் 4,000 முதல் 4,500 சொல்லில் ஒரு நீண்ட ஒப்படைப்பு. ஒரு மாணவர் குழுவின் தேவையை ஆராய்ந்து, குறைந்தது 20 மணி நேரப் பயிற்சியையும் அதற்கான மதிப்பீட்டையும் வடிவமைக்க வேண்டும். திருப்பூர் மெர்ச்சண்டைசர்களின் மின்னஞ்சல் ஆங்கிலம், வெளிநாடு செல்லும் செவிலியர்களின் ஆங்கிலம் என்று நம்மைச் சுற்றி எத்தனையோ களங்கள் இருக்கின்றன.

தொலைநிலையில் மாட்யூல் இரண்டு படிப்பவர், பயிற்சி மையம் ஏற்கும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரைத் தேடிக்கொள்ள வேண்டும். கோவையில் அது எளிதல்ல. அதனால்தான் உறுப்பினர்கள் ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்கும் திட்டத்தைக் கொண்டுவந்தேன். முறை இதுதான்: முந்தைய நாள் கால்மணி நேரப் பேச்சில், எதைக் கவனிக்க வேண்டும் என்று வகுப்பு எடுப்பவரே சொல்வார். பார்ப்பவர் நேரம், நடந்தது, கருத்து என்று தாளில் மூன்று நெடுவரிசைகளாக எழுதுவார், வாய் திறக்கமாட்டார். ஆசிரியர் தந்த கட்டளைகளைச் சொல்லுக்குச் சொல் ஐந்து நிமிடம் எழுதுவார். பாடம் முடிந்த சூட்டில் கருத்துச் சொல்லக் கூடாது, மறுநாள்தான். ஒலிப்பதிவு செய்தால் மின்விசிறிக்கு நேர்கீழே போனை வைக்காதீர்கள். விசிறிச் சத்தம் மட்டும்தான் பதியும்.

இங்கே மனவருத்தத்தோடு ஒன்றைச் சொல்கிறேன். சான்றிதழ் தரும் பயிலரங்கு என்றால் நாற்காலி போதவில்லை. வகுப்பைத் திறந்து காட்டுங்கள் என்றால் பெயர் கொடுத்தவர்களே பின்வாங்குகிறார்கள். ‘நிர்வாகம் அனுமதிக்கவில்லை’, ‘இந்த பேட்ச் சரியில்லை’ என்ற பதில்கள் தொடர்ந்து வந்தன. சரியில்லாத பேட்ச்தான் பார்க்க வேண்டிய பேட்ச். இன்னொருவர் கண்முன் பாடம் எடுக்கத் தயங்குபவர், வெளி மதிப்பீட்டாளர் முன் எப்படி எடுப்பார்? தவறாமல் வந்த சிலரால்தான் குழு நிலைத்தது. அவர்களுக்கு என் நன்றி.

வரவு செலவு தணிக்கையாளர் பார்வைக்குச் சென்று வந்துவிட்டது. பொருளாளர் தனியே படிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. அரங்க வாடகையும் நகல் செலவும் கூடியது ஒரு காரணம். சந்தா நிலுவை பெரிய காரணம். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கட்டாதவர்களின் பெயரை இங்கே படிக்க நான் விரும்பவில்லை. அவர்களுக்கே தெரியும்.

இடம் தந்த கல்லூரி நிர்வாகத்துக்கும் தலைவர், துணைத் தலைவர், பொருளாளருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் டிசம்பர் தேர்வுக்கு ஒரு குழுவைத் தயார்செய்ய விரும்புகிறேன். அதற்கு மூன்று தேவைகள்: டெல்டா முடித்து வழிகாட்டச் சம்மதிக்கும் ஒருவர், மாதம் ஒரு வகுப்பைத் திறந்து காட்டும் உறுப்பினர்கள், நிலுவையில்லாத சந்தா. முதலாமவர் கிடைக்காவிட்டாலும் மற்ற இரண்டும் இருந்தால் ஓரளவு ஓட்டிவிடலாம். அவையும் இல்லையென்றால் இந்தப் பணியைத் தொடர்வதில் பொருளில்லை. பொதுக்குழு வேறொரு செயலாளரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வகுப்பு காட்ட முன்வருபவர்கள் மதிய உணவுக்கு முன், பொருளாளர் மேசையில் உள்ள நோட்டில் பெயரும் வகுப்பு நேரமும் எழுதவும். சந்தாவையும் அங்கேயே கட்டலாம்.

இப்படிக்கு,
செயலாளர்